பின்பனிப் பூக்களும் ஒரு துண்டு நிலமும்

லண்டனில் வாழும் பழைய நண்பர் ஒருவர், ஆண்டுதோறும் பெப்ரவரி மாதத்தில் தமது வீட்டுத் தோட்டத்தின் படமொன்றை எனக்கு அனுப்பிவைப்பார். பதுளையில் பிறந்து வளர்ந்தவர் அவர். படத்தில் பெரிதாக ஒன்றும் இராது. ஈரமான கருமண், அதன் மேல் தலைகவிழ்ந்து நிற்கும் வெண்ணிற ஸ்னோடிராப் பூக்கள், பக்கத்தில் ஊதா நிறத்தில் நாலைந்து குரோக்கஸ் பூக்கள், அவ்வளவுதான். குளிர் இன்னும் விலகாத நிலையில் முதலில் தலைகாட்டுபவை அவை என்பதனால் அங்குள்ளோருக்கு அவற்றின்மீது தனிப் பிரியம். இம்முறை வந்த படத்தின் கீழ் ஒரு கேள்வியும் இருந்தது. "ஊவாப் பக்கம் இப்போது என்ன பூத்திருக்கிறது?"

இரண்டு வரியில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் அண்மையில்தான் நான் அந்தப் பக்கம் போய்வந்திருந்தேன். கண்ட பூக்களைப் பற்றி எழுதத் தொடங்கியபோது, அவை நிற்கும் நிலத்தைப் பற்றியும் எழுதாமல் முடியாது என்று தோன்றிற்று.

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்த நம் முன்னோர், பனிக்காலத்தை ஒன்றாக வைக்காமல் முன்பனி, பின்பனி என இரண்டாக வைத்தனர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஊவா மலைகளில் நின்று பார்ப்பவருக்கு இந்தப் பிரிவினையின் பொருத்தம் நன்கு விளங்கும். அம்மலைகளின் கிழக்குச் சரிவுகளுக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெருமழை. தை பாதி கழிந்ததும் மழை ஓயும். வானம் தெளியத் தெளிய இரவுக் குளிர் கூடும். நுவரெலியாப் பக்கம் புல்லின் மேல் உறைபனி படிந்து கொழுந்து கருகுவதும் இந்தப் பருவத்தில்தான். ஊவாவில் அவ்வளவுக்குப் போவதில்லை. ஆயினும் விடியலில் கம்பளி இல்லாமல் வெளியே வர முடியாது. மண்ணில் மழைக்காலத்து ஈரம் இருக்கிறது, மேலே நல்ல வெயில் இருக்கிறது, இரவில் குளிர் இருக்கிறது. பூக்கள் கேட்பது வேறென்ன?

பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியில், கொஸ்லந்தையைச் சூழ்ந்த தோட்டங்களில் ஒன்றில் நான் கண்ட காட்சியைச் சொல்கிறேன். பழைய லயன் வரிசை ஒன்று. துருப்பிடித்த தகரக் கூரை, கரி படிந்த சுவர். ஒவ்வொரு காம்பராவின் வாசலுக்கும் முன்னால் ஓடும் கானுக்கும் இடையே ஓர் ஆள் படுத்தால் கால் வெளியே நீளும் அளவுக்குக் குறுகிய இடம். அந்த இடம் முழுவதும் பூ. பெரிய தட்டுகள் போல மலர்ந்த சிவப்பு டேலியா, மஞ்சள் செண்டுமல்லி, வெள்ளைச் செவ்வந்தி, வாசற்படியின் இருபுறமும் பால்மா டின்களில் ஜெரேனியம், ஓட்டை வாளியில் ரோஜா, கிழிந்த கொழுந்துக் கூடையில் மண் நிரப்பி அதிலும் ஏதோ ஒரு செடி. வரிசையின் கோடியில், மார்கழியில் சிவந்த பொயின்செட்டியா இன்னும் நிறம் மாறாமல் நின்றது.

ஐந்தாறு டேலியாச் செடிகளுக்கு முட்டுக் குச்சி கட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம், இந்த இடம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டேன். பத்திரிகைக்காரனின் பழக்கதோஷம். அவர் நிமிராமலே சொன்னார்: "எடம் தோட்டத்துதுங்கையா. பூ நம்மளது."

பழமரம் ஏதும் வைக்கவில்லையா என்று அடுத்துக் கேட்டேன். அதற்குத்தான் அவர் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மரம் வச்சு என்னாங்க செய்யிறது? நாளைக்கு எந்திரிச்சுப் போன்னா மரத்தத் தூக்கிட்டுப் போக ஏலுமா? கெழங்குன்னா மடியில கட்டிக்கிட்டுப் போயிரலாம்."

அதன்பிறகு நான் பார்த்த லயன் தோட்டங்களையெல்லாம் வேறு கண்ணோடுதான் பார்த்தேன். டேலியாவுக்குக் கிழங்கு. செவ்வந்திக்கு வேர்க்கன்று. ஜெரேனியத்துக்கும் ரோஜாவுக்கும் ஒரு சாண் கொப்பு போதும். செண்டுமல்லிக்குக் காய்ந்த பூவொன்றை முந்தானையில் முடிந்துகொண்டால் ஒரு வாசலுக்கான விதை சேர்ந்துவிடும். நிலம் தமதல்ல என்பதை அறிந்த மக்கள், எழுப்பிவிட்டால் எடுத்துக்கொண்டு போகக்கூடிய செடிகளாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். பத்து ஆண்டு காத்திருந்து பலன் காணவேண்டிய பலாவையோ பேரியையோ வைக்கும் துணிவு, நிலத்தின்மீது உரிமை உள்ளவனுக்கே வரும்.

இப்பூக்களில் ஒன்றுகூட இந்த மண்ணைச் சேர்ந்ததன்று என்பதும் கவனிக்கத்தக்கது. டேலியாவும் செண்டுமல்லியும் பொயின்செட்டியாவும் மெக்சிகோவிலிருந்து புறப்பட்டவை. ஜெரேனியம் தென்னாபிரிக்காவுக்குரியது. பங்களா வாசல்களில் நீலமாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவுக்கு ஜப்பான். மலேரியாவுக்கு மருந்து தரும் சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காக 1861ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஹக்கல தோட்டமும், துரைமாரின் பங்களாத் தோட்டங்களும் இவ்வாறு கடல் கடந்து வந்த செடிகளுக்கு இலங்கையில் முதற் புகலிடம் ஆயின. பங்களாவில் பூவேலை பார்த்தவர் வெட்டி எறிந்த கொப்பையும் மிஞ்சிய கிழங்கையும் மாலையில் லயத்துக்கு எடுத்துச் சென்றார். தேயிலையும் வந்த செடிதான். அதை நட்டு வளர்த்த மக்களும் கடல் கடந்து வந்தவர்கள்தாம். செடிகள் எல்லாம் இந்நாட்டுச் செடிகளாகிவிட்டன. மனிதர்களை மட்டும் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. அந்தக் கறையைத் துடைக்க 2003இலும் ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

தேயிலையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாசகர்களில் பலர் தேயிலைப் பூவைப் பார்த்திருக்க மாட்டார்கள். வெண்ணிற இதழ்களும் நடுவே மஞ்சள் மகரந்தக் கொத்தும் கொண்ட அழகிய சிறு பூ அது. குளிர்நாட்டுத் தோட்டங்களில் பனிக்காலத்தின் இறுதியில் மலர்ந்து நிற்கும் கமீலியாவும் தேயிலையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆனால் தோட்டத்தில் தேயிலை பூக்க விடப்படுவதில்லை. கொழுந்தைக் கிள்ளக் கிள்ளச் செடி மீண்டும் மீண்டும் தளிர்விடுவதிலேயே தன் சக்தியைச் செலவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி அதன் உயரத்தையும் குறைத்து விடுகிறார்கள். தப்பித்தவறிப் பூத்தால் அது விளைச்சலுக்கு நட்டம். ஆக, பகல் முழுவதும் ஒரு செடியைப் பூக்க விடாமல் பார்த்துக்கொள்வதே வேலையாகக் கொண்ட பெண்கள், மாலையில் வந்து வாசலில் வேறு செடிகளைப் பூக்க வைக்கிறார்கள். இதனை வெறும் பொழுதுபோக்கு என்று எவரேனும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்புத்தளையில் அடிஷம் என்றொரு மாளிகை உண்டு. சர் தோமஸ் வில்லியர்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1931இல் தம் நாட்டுக் கிராமப்புற மாளிகையைப் போலவே கட்டுவித்தது. இன்று அது ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடம். சுற்றுலாப் பயணிகள் அங்குள்ள பூந்தோட்டத்தைப் பார்ப்பதற்கென்றே செல்கிறார்கள். நானும் சென்று பார்த்து மகிழ்ந்தவன்தான். அதே மலைத்தொடரில், அதே குளிரில், பெரும்பாலும் அதே செடிகள் லயத்து வாசல்களிலும் பூக்கின்றன. ஒன்றை நாம் தோட்டம் என்கிறோம். மற்றதற்குப் பெயரே இல்லை.

தமிழில் தோட்டம் என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியை எண்ணிப் பாருங்கள். வீட்டைச் சுற்றி மனிதன் தன் விருப்பத்துக்குப் பயிரிடும் இடத்துக்கு உரிய சொல் அது. மலையகத்தில் அது ஆயிரக்கணக்கான ஏக்கர் கொண்ட கம்பெனி நிலத்தின் பெயராயிற்று. அங்கு உழைப்பவர்கள் தோட்டத்து ஆட்கள் ஆனார்கள். பின்னர் நம்மவர்களின் வாயிலேயே அது 'தோட்டக்காட்டான்' என்ற வசையாகவும் மாறியது. தோட்டத்தின் பெயரால் அழைக்கப்பட்ட ஒரு சமூகத்துக்குத் தோட்டம் இல்லை. பிறந்த இடம், கலியாணம் செய்த இடம், தாய் தகப்பனைப் புதைத்த இடம் எல்லாம் தோட்டத்துக்கு உரியவை. வாசலில் நிற்கும் பூ ஒன்றே அவர்களுக்கு உரியது.

அந்த வாசல்களும் போன இடம் மீரியபெத்த.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. நாட்கணக்கில் பெய்த மழையில் ஊறியிருந்த மலை, காலையில் பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்ற பின்னர் சரிந்தது. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு மண்ணும் பாறையும் இறங்கின. லயன்கள் இருந்த இடம் தெரியவில்லை. முதலில் நூற்றுக்கணக்கானோர் புதையுண்டதாக அஞ்சப்பட்டது. பின்னர் அந்த எண் குறைந்துகொண்டே வந்து முப்பதுக்கும் சற்று மேற்பட்டோர் என்றாயிற்று. பல உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. பாடசாலையிலிருந்து திரும்பிய பிள்ளைகளில் சிலருக்குத் திரும்பிப் போக வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. பத்திரிகையாளர்களாகிய நாங்கள் எண்ணிக்கையைத் துரத்திக்கொண்டிருந்தோம். தலைப்புக்கு எண் வேண்டும் அல்லவா? எண் ஓய்ந்ததும் தலைப்பும் ஓய்ந்தது.

அந்த நாட்களில் அதிகம் சொல்லப்பட்ட ஒரு வாசகம் எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது. "எச்சரித்தோம், அவர்கள் எழும்பவில்லை" என்பதே அது. எச்சரிக்கை விடுக்கப்பட்டது உண்மை. 2005இலும் மீண்டும் 2011இலும் அப்பகுதி ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்திருந்தது. ஆனால் எழும்பி எங்கே போவது? நாட்டுப்புறத்து விவசாயிக்கு எச்சரிக்கை வந்தால், இல்லாவிட்டாலும் உறவினர் காணியில் ஒரு கொட்டிலாவது போட்டுக்கொள்ளலாம். தோட்டத் தொழிலாளிக்கு உறவினரும் லயத்தில்தான் இருக்கிறார். லயக் காம்பராவோ பத்தடிக்குப் பன்னிரண்டடி. வேலையை விட்டால் வீடில்லை. வீட்டை விட்டால் வேலையில்லை. ஒரு சதுர அடி நிலம்கூடத் தன் பெயரில் இல்லாதவரைப் பார்த்து இடம் மாறச் சொல்வது எச்சரிக்கையாக இருக்கலாம். மாறுவதற்கான வழியாக இருக்க முடியாது.

இங்கே மீண்டும் பூந்தோட்டத்துக்கு வர வேண்டியிருக்கிறது. மண்சரிவுக்கு முன்னறிகுறிகள் உண்டு. நிலத்தில் வெடிப்பு விழும். மரங்களும் வேலிக் கம்பங்களும் சாயும். இல்லாத இடத்தில் ஊற்றுத் தோன்றும். தெளிந்து வந்த ஊற்று கலங்கி வரும். இவற்றை முதலில் காணக்கூடியவர் யார்? நாள்தோறும் வாசலைக் கூட்டி, செடிக்கு மண் அணைத்து, குச்சி கட்டிக் கொடுக்கும் அந்தப் பெண்தான். நேற்றுக் கட்டிய குச்சி இன்று ஏன் சாய்ந்து நிற்கிறது என்று கேட்கக்கூடியவர் அவர். மழைமானியின் அளவைகள் நமக்கு இன்று தெரியும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம் என்று அதே நிறுவனம் வரையறுத்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. கருவியின் அளவையும் அந்தப் பெண்ணின் கண்ணையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஆனால் இரண்டும் சேர்ந்து "எழும்பு" என்று சொல்லும்போது, எழும்பிப் போக ஓர் இடம் இருக்க வேண்டும்.

உயிர் தப்பியவர்கள் மாகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தங்கவைக்கப்பட்டார்கள். 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, அங்கே கட்டப்பட்ட 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. தனி வீடு, தனி வாசல். லயத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம் என்பதை மறுப்பது நேர்மையாகாது. மலையகத்துக்கு ஏழு பேர்ச்சஸ் என்ற கொள்கை அக்காலத்தில் நடைமுறைக்கு வந்தது. இந்திய உதவியுடன் பின்னர் தொடங்கப்பட்ட 10,000 வீட்டுத் திட்டத்தில் அது பத்துப் பேர்ச்சஸ் என்றாயிற்று.

கணக்கைப் பார்ப்போம். ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடியும் சொச்சமும். ஏழு பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,900 சதுர அடி. பத்துப் பேர்ச்சஸ் ஏறத்தாழ 2,720. வீட்டுக்கு 550 சதுர அடி. மிகுதியெல்லாம் தோட்டமல்லவா என்று சமதரையில் இருப்பவர் கேட்பார். மலையில் அப்படி இல்லை. படிக்கட்டு, தாங்குசுவர், மலசலகூடக் குழி, மழைநீர்க் கான் எல்லாவற்றுக்கும் இடம் விட்ட பிறகு எஞ்சுவதில் சரிவு பாதி. பிள்ளைக்குக் கலியாணமாகி ஓர் அறை கூட்டினால் மீதிப் பாதியும் போயிற்று. அளவைக் குறைத்து அளந்து கொடுத்துவிட்டு, தோட்டத்து மக்களுக்குக் காணி கொடுத்தோம் என்று பெருமைப்படுவதில் ஓர் அவசரம் தெரிகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களையும் நான் அறிவேன். தேயிலை நிலம் குறைந்தால் ஏற்றுமதி வருமானம் குறையும் என்பது ஒன்று. பூ வளர்க்கவா காணி, வயிற்றுப்பாட்டுக்கு மரக்கறி நட்டாலாவது பரவாயில்லை என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில், கைவிடப்பட்டுக் காடேறிக் கிடக்கும் மலைகளே. எந்தத் தோட்டத்துக்குள் நடந்தாலும் அவற்றைக் காணலாம். மேலும் இந்நிலம் எவருடைய பரம்பரைச் சொத்துமன்று. 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் பெருந்தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1992இல் முகாமைதான் தனியார் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. குத்தகைக்குக் கொடுக்க முடிந்த அரசுக்குக் குடியிருப்பவனுக்கு உறுதி எழுதிக் கொடுக்க முடியாதா? இரண்டாவதற்குப் பதில், லண்டன் நண்பரின் தோட்டத்தில் ஸ்னோடிராப் எதற்கு என்று எவரும் கேட்பதில்லை என்பதே. சொந்த நிலத்தில் என்ன நடுவது என்பதை நடுபவர் தீர்மானிக்கட்டும். பூ வேண்டுமா பீன்ஸ் வேண்டுமா என்று அவருக்காக நாம் முடிவு செய்வதும் ஒருவகைத் துரைத்தனந்தான்.

காலம் தாழ்த்துவதன் விலையையும் மலைகள் காட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. 2023 மார்ச்சில் பூனாகலைப் பக்கம் கபரகலைத் தோட்டத்தில் மண் இறங்கி லயன் வீடுகள் சேதமுற்றன. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் ஏறத்தாழ 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைச் சான்றுகள் வழங்கப்பட்டபோது நானும் மகிழ்ந்தேன். ஒன்றரை மாதந்தான் கழிந்தது. நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரின் உயிர் போயிற்று. கடுமையாக அடிபட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. சான்று கொடுக்கும் வேகத்தைவிட மலை சரியும் வேகம் கூடிவிட்டது என்பதை ஆள்வோர் உணர வேண்டும்.

ஆகவே நான் வேண்டுவது இது. முதலாவது, மலையகத்தில் வீடமைப்பைத் தனியே பேசாமல், பாதுகாப்பான நிலம் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும். எந்த மலை தாங்கும், எது தாங்காது என்ற ஆய்வு வரைபடங்கள் ஏற்கெனவே உள்ளன. தாங்காத மலையில் லயன் இருக்குமானால் அடுத்த மழைக்கு முன் மாற்றிடம் அளந்து கொடுக்கப்பட வேண்டும். இரண்டாவது, கொடுக்கும் நிலத்துக்குச் சான்றோடு நில்லாமல், பிள்ளைக்கு எழுதிவைக்கவும் வங்கியில் அடகுவைக்கவும் கூடிய முழு உறுதி வழங்கப்பட வேண்டும். அதில் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும். மூன்றாவது, பேர்ச்சஸ் கணக்கில் சரிவையும் கானையும் கழித்துவிட்டு, பயன்படும் நிலத்தை அளந்து கொடுக்க வேண்டும். ஒரு பழமரத்துக்கும் பத்துப் பூச்செடிக்கும் இடமில்லாத வீடு, சற்றே பெரிய லயக் காம்பராவாக ஆகிவிடும்.

நண்பருக்கு நான் எழுதிய பதில் வருமாறு: "ஊவாவில் இப்போது டேலியாவும் செவ்வந்தியும் செண்டுமல்லியும் பூத்திருக்கின்றன. நீங்கள் பதுளையில் பார்த்த அதே சிவப்புத்தான். ஆனால் கிழங்கும் கொப்புமாக மடியில் கட்டிக்கொண்டு போகக்கூடிய பூக்களாகவே இன்னமும் வைத்திருக்கிறார்கள். லயத்து வாசலில் யாரேனும் ஒரு பலாக்கன்று நட்டிருப்பதைக் கண்டால், அன்று உங்களுக்குப் படம் அனுப்புகிறேன்."